சிங்கப்பூர் ஆற்றில் ஒரு படகுப் பயணம்: சூலியா முஸ்லிம்களின் சுவடுகளைத் தேடி



வரவு செலவுக் கணக்கும் மதரஸா மாணவர்களின் தேர்ச்சி விவரமும் இடம்பெறும் இம்மலரில், சுற்றுலாப் படகுப் பயணம் ஒன்றைப் பற்றிய கட்டுரை எதற்கு என்று சிலருக்குத் தோன்றக்கூடும். நம் பகுதியிலிருந்து பிழைப்பு நாடிச் சிங்கப்பூர் சென்றோர் பலர். விடுமுறை நாளில் அந்நகரின் ஆற்றில் படகேறி, இருகரையிலும் ஓங்கி நிற்கும் கட்டடங்களைப் படம் பிடித்து ஊருக்கு அனுப்பாதவர் அவர்களுள் குறைவு. அந்தக் கரையில் ஒரு காலத்தில் தமிழ் பேசும் முஸ்லிம்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதைப் படம் அனுப்பியவரும் அறியார். அதைப் பெற்று மகிழ்ந்தவரும் அறியார். அப்படகில் ஏறி இறங்கிய பின்னரே அதைத் தேடிப் படிக்கும் எண்ணம் நமக்கும் உண்டாயிற்று. படித்து அறிந்தவற்றையும் கண்ணால் கண்டவற்றையும் இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

வெள்ளாறு கடலில் சேரும் இடம்

ஆலத்தியூருக்கும் கடலுக்கும் என்ன உறவு என்று கேட்டால் நகைக்கத் தோன்றும். நம் ஊர் மண்ணைத் தோண்டினால் கிடைப்பது சுண்ணாம்புக்கல். ஆனால் அரியலூர் வட்டாரத்தின் சுண்ணாம்புப் பாறைகளில் கடல்வாழ் உயிரினங்களின் ஓடுகள் கல்லாய்ச் சமைந்து கிடப்பதை நாம் அறிவோம். பல கோடி ஆண்டுகளுக்கு முன்னர் இந்நிலம் கடலுக்கு அடியில் இருந்ததற்கு அவையே சான்று. இன்று சிமெண்ட் ஆலைக்குச் செல்லும் ஒவ்வொரு லாரியும் ஒரு பழைய கடலின் அடித்தளத்தைத்தான் சுமந்து செல்கிறது.

அது மனிதன் தோன்றுவதற்கு முந்திய கதை. மனிதனின் கதையிலும் நமக்கு ஒரு கடல்வழி உண்டு. நம் மாவட்டத்துக்கும் கடலூர் மாவட்டத்துக்கும் எல்லையாக ஓடும் வெள்ளாறு, பரங்கிப்பேட்டையில் கடலோடு கலக்கிறது. மஹ்மூது பந்தர் என்றும் அழைக்கப்பட்ட அத்துறைமுகத்திலிருந்தும் நாகப்பட்டினம், நாகூர், காரைக்கால் முதலிய துறைகளிலிருந்தும் முஸ்லிம் வணிகர்களின் கப்பல்கள் துணி ஏற்றிக்கொண்டு அச்சேவுக்கும் கெடாவுக்கும் மலாக்காவுக்கும் சென்றன. ஐரோப்பியக் கம்பெனிகள் இக்கரையில் வேரூன்றிய பிறகும் அப்போக்குவரத்து நின்றுவிடவில்லை. காற்றின் திசை மாறும் பருவத்தைக் கணக்கிட்டுச் சென்று, அடுத்த பருவக் காற்றில் திரும்புவது வழக்கம்.

இவர்களை மலாய் நாட்டில் 'சூலியா' என்று அழைத்தனர். 'சோழ' என்னும் சொல்லின் திரிபே அது என்பது அறிஞர் பலரின் கருத்து. 1025ஆம் ஆண்டில் கடாரத்தின் மீது கடற்படை அனுப்பிய இராசேந்திர சோழனின் தலைநகரான கங்கைகொண்ட சோழபுரம் இன்று நமது அரியலூர் மாவட்டத்தில்தான் உள்ளது. அந்தக் கடாரமே கெடா. அரசன் படை அனுப்பிய கரைக்குப் பல நூற்றாண்டுகளுக்குப் பின் அந்நாட்டு முஸ்லிம்கள் துணி மூட்டையோடு சென்றிறங்கி, அவன் குலத்தின் பெயராலேயே அழைக்கப்பட்டனர் என்றால் வியப்பாக இல்லையா?

ஆங்கிலேயர் 1786இல் பினாங்கைக் கைக்கொண்டதும் சூலியாக்கள் அங்கே பெருந்தொகையினராகக் குடியேறினர். அங்குள்ள கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் 1801இல் நிறுவப்பட்டது. பினாங்கு தழைத்துக்கொண்டிருந்த காலத்தில்தான் தெற்கே மற்றொரு துறைமுகம் உருவாயிற்று.

ஆறு என்பதே துறைமுகம்

1819 ஜனவரி 29ஆம் நாள் ஸ்டாம்ஃபோர்டு ராஃபிள்ஸ் சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில் வந்திறங்கினார். பிப்ரவரி 6ஆம் நாள் சுல்தான் ஹுசைன் ஷாவோடும் தெமெங்கோங் அப்துர் ரஹ்மானோடும் உடன்படிக்கை செய்துகொண்டார். அப்போது அவ்வாற்றங்கரையில் இருந்தது தெமெங்கோங்கின் ஆளுகைக்குட்பட்ட மலாய்க் குடியிருப்பு. அந்தச் சிறு குடியிருப்பு சில ஆண்டுகளுக்குள் பல நாட்டுக் கப்பல்கள் வந்து கூடும் சந்தையாக மாறியதற்கு முக்கியமான காரணம் அங்கே சுங்கவரி இல்லை என்பதே.

பெரிய கப்பல்கள் இந்த ஆற்றுக்குள் நுழைய முடியாது, ஆழம் போதாது. அவை வெளியே கடலில் நங்கூரமிட்டு நிற்கும். சரக்குகளை இறக்கி ஆற்றங்கரைக் கிடங்குகளுக்குக் கொண்டுவரவும், கிடங்கிலிருந்து கப்பலுக்கு ஏற்றவும் அகன்ற அடிப்பாகம் கொண்ட படகுகள் வேண்டும். இவற்றுக்கு மலாய் மொழியில் 'தோங்காங்' என்று பெயர். நம் கடலோர ஊர்களில் முதியவர்கள் 'தொங்கான்' என்று சொல்வது இதுவே. (மலாய்க்காரர்கள் கப்பலை 'காப்பால்' என்றும், கடையை 'கெடை' என்றும் நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள், நாம் தொங்கானை அவர்களிடமிருந்து பெற்றோம். கொடுக்கல் வாங்கல் நேராகிவிட்டது!)

அந்தப் படகுகளைச் செலுத்தியவர் யார்? 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில், பெரும்பாலும் சூலியாக்கள். துடுப்பும் கழியும் பாயுமே அன்றைய விசை. வெளிக்கடலில் அலைமோதும் கப்பலின் பக்கத்தில் படகை அணைத்து நிறுத்தி, மூட்டைகளை வாங்கி அடுக்கி, கடல் ஏற்றத்தின் நேரம் பார்த்து ஆற்றுக்குள் நுழைந்து, கரையில் இறக்க வேண்டும். ஏற்றம் தவறினால் முகத்துவாரத்து மணல்திட்டில் தரைதட்டி அடுத்த ஏற்றம் வரை காத்திருக்க வேண்டியதுதான். சிங்கப்பூரின் முதல் நாற்பது ஐம்பது ஆண்டுகளில் அங்கு வந்துபோன மிளகு, காம்பியர், அரிசி, துணி, அபினி ஆகியவற்றில் கணிசமான பகுதி நம் மொழி பேசிய கைகளின் வழியாகவே கரையேறியிருக்க வேண்டும்.

1822இல் ராஃபிள்ஸ் நகரமைப்புத் திட்டமொன்றை வகுத்தார். லெப்டினன்ட் ஜாக்சன் வரைந்த அப்படத்தில், ஆற்றின் மேற்பகுதியில் 'சூலியா கம்போங்' எனத் தனிக் குடியிருப்பு குறிக்கப்பட்டுள்ளது. கம்போங் என்றால் சிற்றூர். முகத்துவாரத்தையொட்டிய பகுதி அரசுக்கும் பெருவணிகர்க்கும் தேவைப்பட்டதால் ஏனையோர் மேலே நகர்த்தப்பட்டனர். இன்று அந்தக் கம்போங்கின் ஒரு சுவர்கூட மிஞ்சவில்லை. படத்தில் உள்ள பெயரே மிச்சம்.

படகு புறப்படுகிறது

கிளார்க் கீ என்னும் துறையில் படகேறினோம். ஏறுவதற்கு முன், அங்கிருந்து சில நிமிட நடையில் உள்ள மஸ்ஜித் உமர் கம்போங் மலாக்காவில் லுஹர் தொழுதோம். சிங்கப்பூரில் முதன்முதலாக எழுந்த பள்ளிவாசல் இதுதான். பாலம்பாங்கிலிருந்து வந்த அரபு வணிகர் சையது உமர் அல்ஜுனைது 1820இல் இதை மரத்தால் கட்டினார். 1855இல் அவருடைய மகனார் செங்கல்லால் மாற்றிக் கட்டினார். இப்போது உள்ளது 1980களின் தொடக்கத்தில் புதுப்பிக்கப்பட்ட கட்டடம். ஆற்றிலிருந்து அது கண்ணில் படாது. இடையே கட்டடங்கள் மறைக்கின்றன. உல்லாசப் பயணிகள் கூடும் உணவு விடுதிகளுக்குப் பின்னால், தெரிந்தவருக்கு மட்டும் தெரியும் வண்ணம் அது அமைதியாக நிற்கிறது.

படகு பழைய சரக்குப் படகின் தோற்றத்தில் மரத்தால் செய்யப்பட்டது. முன்புறத்தில் இரு கண்கள் வரையப்பட்டிருந்தன. படகு தன் வழியைத் தானே பார்த்துச் செல்லும் என்பது சீனப் படகோட்டிகளின் நம்பிக்கை. கண் வரைந்த இச்சீனப் படகுக்கு 'துவாக்கோ' என்று பெயர். பயணம் சுமார் 40 நிமிடம். ஒலிபெருக்கியில் ஆங்கில விளக்கம் ஓடிக்கொண்டே இருக்கும்.

படகு கோல்மன் பாலத்தைக் கடந்து எல்ஜின் பாலத்தின் அடியில் நுழைகிறது. இன்றுள்ள எல்ஜின் பாலம் 1929ஆம் ஆண்டினது. அதே இடத்தில் அதற்கு முன்னும் பாலங்கள் இருந்தன. பாலத்துக்கு வடக்கே நீளும் சாலை நார்த் பிரிட்ஜ் ரோடு. தெற்கே நீளுவது சவுத் பிரிட்ஜ் ரோடு. இந்தத் தெற்குச் சாலையின் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். பிறகு அங்கே செல்வோம்.

பாலத்தைத் தாண்டியதும் வலப்புறத்தில் ஆறு வளைந்து அகலும் இடமே போட் கீ. மீனின் வயிறுபோல் புடைத்த இவ்வளைவைச் செல்வம் சேரும் இடமாகச் சீனர் கருதினர். தாழ்ந்த சதுப்பு நிலமாக இருந்த இக்கரையை, அருகே இருந்த குன்றொன்றை வெட்டிய மண்ணால் 1820களில் மேடாக்கினர். கிடங்குகளும் கடைவீடுகளும் வரிசையாக எழுந்தன. படகிலிருந்து கரைக்கு ஒற்றைப் பலகையைப் போட்டு, முதுகில் சாக்கு மூட்டையோடு அதன்மேல் நடந்து ஏறுவார்கள். பலகை ஆடும், கால் தவறினால் மூட்டையோடு ஆற்றில் விழ வேண்டியதுதான். இன்று அதே கடைவீடுகள் வண்ணம் பூசப்பட்டு உணவகங்களாக இருக்கின்றன. அவற்றுக்குப் பின்னால் வங்கிகளின் வானளாவிய கட்டடங்கள். அக்கட்டடங்களுக்கு நடுவே செல்லும் தெருவின் பெயர் சூலியா ஸ்ட்ரீட்!

இந்தத் தெருவுக்கு முன்னர் இருந்த பெயர் கிளிங் ஸ்ட்ரீட். தென்னிந்தியரைக் குறிக்க மலாய் நாட்டில் வழங்கிய 'கிளிங்' என்னும் சொல், 'கலிங்கம்' என்பதிலிருந்து வந்தது என்பர். தொடக்கத்தில் அதில் இழிவு இல்லை. காலப்போக்கில் அது ஏச்சாக மாறியது. இந்தியர்களின் ஆட்சேபத்துக்குப் பிறகு 1920களின் தொடக்கத்தில் தெருவின் பெயர் சூலியா ஸ்ட்ரீட் என மாற்றப்பட்டது. பெயர் மாறிய காலத்தில் ஆற்றில் சூலியாப் படகோட்டிகள் அரிதாகிவிட்டிருந்தனர் என்பதே இதில் உள்ள வேதனை.

இடக்கரையில் வெண்ணிறச் சிலையாக ராஃபிள்ஸ் கைகட்டி நிற்கிறார். அவர் வந்திறங்கிய இடமென்று கருதப்படும் அங்கே 1972இல் நிறுவப்பட்ட சிலை அது; 1887இல் வார்க்கப்பட்ட வெண்கலச் சிலையின் நகல். 2019ஆம் ஆண்டில் இருநூறாவது ஆண்டை நினைவுகூர்ந்தபோது, இந்தச் சிலைக்கு அருகே வேறு நால்வருக்கும் தற்காலிகச் சிலைகள் வைத்தனர். அவர்கள் சங் நீல உத்தமன், டான் டோக் செங், நாராயண பிள்ளை, முன்ஷி அப்துல்லாஹ் ஆகியோர். நாராயண பிள்ளை 1819 மே மாதத்தில் பினாங்கிலிருந்து ராஃபிள்ஸுடன் வந்து, பின்னர் மாரியம்மன் கோயிலை நிறுவிய தமிழர். நாம் சற்றே நின்று பேச வேண்டியவர் நாலாமவர்.

முன்ஷி அப்துல்லாஹ் 1796இல் மலாக்காவில் பிறந்தவர். யமன் நாட்டு அரபு வழியினரான அவருடைய முன்னோர் நாகூரில் மணமுடித்துக் குடும்பம் பெருகி, அங்கிருந்து மலாய் நாட்டுக்குப் பரவினர். அப்துல்லாஹ் மலாய், அரபு ஆகியவற்றுடன் தமிழும் கற்றவர். ராஃபிள்ஸிடம் எழுத்தராகப் பணிபுரிந்தவர். 1849இல் வெளியான 'ஹிகாயத் அப்துல்லாஹ்' என்னும் தன்வரலாறு நவீன மலாய் உரைநடையின் தொடக்கமாகப் போற்றப்படுகிறது. இந்த ஆற்றின் முகத்துவாரத்தில் ஒரு பெரும் பாறையில் எவராலும் படிக்க இயலாத எழுத்துகள் செதுக்கப்பட்டிருந்தன. 1843இல் ஆங்கிலேயர் அதை வெடிவைத்துத் தகர்த்தனர். ஒரு துண்டு மட்டும் எஞ்சி இன்று அருங்காட்சியகத்தில் உள்ளது. அப்பாறையைப் பற்றியும் அதன் அழிவைப் பற்றியும் மனம் நொந்து எழுதி வைத்தவர் அப்துல்லாஹ். 1854இல் ஹஜ் பயணத்தின்போது அவர் காலமானார்.

அவரோடு ஒரே காலத்தில், அதே ஆற்றில், அதே தமிழ் பேசிய நூற்றுக்கணக்கானோர் தொங்கான் செலுத்தினர். அவர்களுள் ஒருவர் பெயரும் இன்று நமக்குத் தெரியவில்லை. எழுதியவர் பெயர் நின்றது. துடுப்புப் பிடித்தவர் பெயர் ஆற்றோடு போயிற்று. கரையோரம் பல வெண்கலச் சிற்பங்கள் வைத்திருக்கிறார்கள். ஆற்றில் குதிக்கும் சிறுவர், மூட்டை ஏற்றும் கூலியாட்கள், வட்டிக்கடைச் செட்டியார் ஆகியோரை அங்கே காணலாம். சூலியாப் படகோட்டி என்று பெயர் சொல்லி வைத்த சிற்பமொன்றும் நம் கண்ணில் படவில்லை. ஒலிபெருக்கியிலும் நாம் கேட்ட அளவில் அச்சொல் ஒருமுறையும் ஒலிக்கவில்லை.

அடுத்து வருவது எம்ப்ரஸ் பிளேஸ் கட்டடம். 1867இல் கட்டி முடிக்கப்பட்டு, நெடுங்காலம் அரசு அலுவலகமாக இருந்து, 2003 முதல் ஆசிய நாகரிகங்கள் அருங்காட்சியகமாக விளங்குவது. 1998இல் இந்தோனேசியாவின் பெலித்துங் தீவருகே கடலடியில் கண்டெடுக்கப்பட்ட கப்பலின் சரக்குகள் இங்கே வைக்கப்பட்டுள்ளன. அது 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அரபு வகைக் கப்பல். ஆணி இல்லாமல் பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டியது. அதில் சுமார் 60,000 சீனப் பீங்கான் பாத்திரங்கள் இருந்தன. அப்பாசிய கலீபாக்களின் காலத்திலேயே இக்கடல்வழியில் அரபு நாட்டுக்கும் சீனத்துக்கும் இடையே கப்பல் ஓடியது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. படகில் செல்வோர் அடுத்த நாளாவது இறங்கிச் சென்று இதைப் பார்க்க வேண்டும்.

தாழ்ந்த பாலம்

இங்கே ஒரு பாலம். கேவனா பாலம், 1869. இரும்புப் பாகங்கள் கிளாஸ்கோவில் வார்க்கப்பட்டு இங்கே கொண்டுவந்து பொருத்தப்பட்டன. பொருத்தியதில் கைதிகளின் உழைப்பு இருந்தது. 1825 முதல் 1873 வரை சிங்கப்பூர், இந்தியக் கைதிகளை நாடு கடத்தும் இடமாக இருந்ததையும், அந்நகரின் சாலைகளிலும் தேவாலயத்திலும் ஆளுநர் மாளிகையிலும் அவர்களுடைய வியர்வை கலந்திருப்பதையும் பலர் அறியமாட்டார்கள். பாலத்தின் முனையில் இன்றும் ஒரு பழைய அறிவிப்புப் பலகை உள்ளது. 3 ஹண்ட்ரட்வெயிட்டுக்கு மேற்பட்ட வண்டிகளுக்கும், மாடு குதிரைகளுக்கும் அனுமதி இல்லை என்று அது தெரிவிக்கிறது.

இப்பாலத்தை மிகத் தாழ்வாகக் கட்டிவிட்டார்கள். கடல் ஏற்றத்தின்போது சரக்குப் படகுகள் இதன் அடியில் நுழைய முடியவில்லை. ஏற்றம் இல்லாவிட்டால் ஆற்றில் நீர் போதாது. ஏற்றம் வந்தால் பாலம் தலையில் இடிக்கும். நடுவில் கிடைக்கும் சிறிது நேரத்தில் நூற்றுக்கணக்கான படகுகள் முட்டி மோதிச் செல்ல வேண்டும். பொறியாளர் ஒருவரும் படகோட்டியைக் கேட்டுப் பாலம் கட்டவில்லை போலும். 1910இல் சற்றுக் கடலோரமாக ஆண்டர்சன் பாலம் கட்டப்பட்ட பின், வண்டிப் போக்குவரத்து அதற்கு மாறியது; கேவனா பாலம் நடந்து செல்வோருக்கென விடப்பட்டது.

கேவனா பாலம் திறக்கப்பட்ட அதே 1869இல் சூயஸ் கால்வாயும் திறக்கப்பட்டது. நீராவிக் கப்பல்கள் பெருகின. அவை ஆற்றின் முகத்தில் நில்லாமல், மேற்கே ஆழமுள்ள புதிய துறைமுகத்துக்குச் சென்று நேரே மேடையில் அணைந்தன. ஆற்றுப் படகுத் தொழிலும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் படிப்படியாகச் சீனர் கைக்கு மாறியது. கரையில் கிடங்கு வைத்திருந்த சீன வணிகர்கள் தம் மொழிபேசும் தம்மூராருக்கே வேலை கொடுத்தனர். இது இயல்புதான், குறை சொல்வதற்கில்லை. சூலியாக்கள் நாணயம் மாற்றுவோராகவும், உணவுக்கடை நடத்துவோராகவும், துறைமுகத் தொழிலாளராகவும் வேறு வழி கண்டனர். பிற்காலத்தில் கடையநல்லூர், தென்காசி ஊர்களிலிருந்து பெருந்தொகையினர் தஞ்சோங் பாகர் துறைமுகத்தையொட்டிக் குடியேறினர்.

பாலத்துக்கு அப்பால் வலப்புறத்தில் பெரிய தூண்களோடு நிற்பது ஃபுல்லர்ட்டன் கட்டடம். 1928இல் திறக்கப்பட்ட இது தலைமை அஞ்சலகமாக இருந்தது. 2001 முதல் நட்சத்திர விடுதி. நம் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றுக்குச் சிங்கப்பூரிலிருந்து மணியார்டரும் கடிதமும் வந்த காலத்தில், அவை இந்தக் கட்டடத்தின் வழியாகவே கப்பலேறியிருக்கும். இப்போது அங்கே ஓரிரவு தங்கும் வாடகையைக் கேட்டால் பழைய சபுராளிகள் மயங்கி விழுவார்கள். அதைக் கடந்தால் விரிகுடா. சிங்கத் தலையும் மீன் உடலும் கொண்ட மெர்லையன் சிலை நீரை உமிழ்கிறது. 1972இல் முகத்துவாரத்தில் நிறுவப்பட்டது 2002இல் இவ்விடத்துக்கு நகர்த்தப்பட்டது. எதிரே 2010இல் திறந்த மூன்று கோபுர விடுதி. படகிலிருந்த அனைவரும் எழுந்து நின்று படம் பிடித்தனர், நாமும் பிடித்தோம்.

இந்நீரில் இப்போது உப்பு இல்லை. 2008இல் கடல்வாயிலில் மரினா தடுப்பணை கட்டி, விரிகுடாவை நன்னீர்த் தேக்கமாக்கிவிட்டார்கள். ஏற்றமும் வற்றமும் நின்றுவிட்டன. அதற்கு முன்னர், 1977இல் அன்றைய பிரதமர் லீ குவான் இயூ பத்தாண்டுகளில் ஆற்றைத் தூய்மையாக்க வேண்டும் என்று அறைகூவல் விடுத்தார். சாக்கடையும் எண்ணெயும் கழிவுமாக இருந்த ஆறு, 1987இல் மீன் வாழும் ஆறாயிற்று. அந்தப் பணியின் பகுதியாக, 1983இல் சுமார் 800 சரக்குப் படகுகள் ஆற்றிலிருந்து பாசிர் பாஞ்சாங்குக்கு அகற்றப்பட்டன. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் நடந்த தொழில் அத்துடன் ஆற்றை விட்டுப் போயிற்று. ஆறு தூய்மையானது நன்மையே. வெள்ளாற்றின் இன்றைய நிலையைப் பார்க்கும் நமக்கு அதில் படிப்பதற்கு நிறைய உண்டு.

படகிலிருந்து தெரியாதவை

படகை விட்டு இறங்கித் தெலோக் ஆயர் தெருவுக்கு நடந்தோம். 'தெலோக் ஆயர்' என்றால் நீர்விரிகுடா. இன்று கடலிலிருந்து வெகுதூரம் உள்ளே இருக்கும் இத்தெரு, ஒரு காலத்தில் கடற்கரையாகவே இருந்தது. 1880களில் கடலைத் தூர்த்து நிலமாக்கியதால் கரை விலகிப்போயிற்று. கப்பலிலிருந்து இறங்கிய சீனரும் தமிழரும் முதலில் கால்வைத்த மண் இது. உயிரோடு கரைசேர்ந்தமைக்கு நன்றி செலுத்தும் இடங்களை அவரவர் இங்கேயே அமைத்துக்கொண்டனர்.

1828 முதல் 1830க்குள் கட்டப்பட்ட நாகூர் தர்கா இத்தெருவில் உள்ளது. நாகூர் ஷாஹுல் ஹமீது அவர்களின் நினைவாக எழுப்பப்பட்டது. அங்கே அடக்கத்தலம் ஏதும் இல்லை. தர்காக்களைப் பற்றி மாறுபட்ட கருத்துடையோர் நம் ஜமாஅத்திலும் உண்டு. அவ்விவாதத்துக்கு இம்மலர் இடமன்று. நாம் கருதுவது அந்த நிலத்தின் பத்திரத்தை. 1827இல் காதர் பிள்ளை என்பவருக்கு இந்த நிலம் வழங்கப்பட்டபோது, இதை விற்கக் கூடாது என்னும் நிபந்தனையும் உடன் விதிக்கப்பட்டது. கோடிகள் பெறும் வங்கிக் கட்டடங்களுக்கு நடுவே இருநூறு ஆண்டுகளாக அந்தச் சிறு கட்டடம் நிலைத்திருக்கிறது. இப்போது அது இந்திய முஸ்லிம்களின் மரபைக் காட்டும் நிலையமாக உள்ளது.

சற்று நடந்தால் மஸ்ஜித் அல் அப்ரார். 1827இல் ஓலைக் கூரையோடு குடிசையாக எழுந்ததால் இதற்குக் 'குச்சுப் பள்ளி' என்று தமிழில் பெயர் வழங்கியது. 1850களில் செங்கல்லால் கட்டப்பட்டது. நாட்டுச் சின்னமாக 1974இல் அறிவிக்கப்பட்ட பிறகும் 'குச்சுப் பள்ளி' என்ற பெயர் மறையவில்லை.

அங்கிருந்து நாம் முன்பு நினைவில் வைக்கச் சொன்ன சவுத் பிரிட்ஜ் ரோட்டுக்கு வந்தோம். சூலியாக்களின் ஜாமிஆ பள்ளிவாசல் அங்கே உள்ளது. அன்சர் சாஹிப் என்பவரின் தலைமையில் 1826இல் நிறுவப்பட்டது. இப்போதுள்ள கட்டடம் 1830க்கும் 1835க்கும் இடையே எழுந்தது. பச்சை வண்ணத்தில் இரு மினாராக்கள்; அவற்றுக்கு நடுவே ஒரு மாளிகையின் முகப்பைச் சிறிதாக்கி வைத்ததுபோன்ற அழகிய அமைப்பு. பக்கத்தில் மாரியம்மன் கோயில். இப்பள்ளிவாசலை வைத்தே அருகிலுள்ள தெருவுக்கு மாஸ்க் ஸ்ட்ரீட் என்று பெயர் வந்தது; அது இப்போது சீனர் கடைத்தெருவின் நடுவே உள்ளது.

ஆற்றில் படகோட்டியவர்களுக்கும் இப்பள்ளிக்கும் உள்ள தொடர்பை எண்ணிப் பார்க்கிறோம். தொங்கானில் மூட்டை சுமந்தவர், நாணயம் மாற்றியவர், வெற்றிலை விற்றவர் ஆகியோரின் சில்லறைக் காசுகள் சேராமல் இக்கட்டடம் எழுந்திருக்காது. அவர்களுடைய கம்போங் அழிந்தது, தொழில் கைமாறியது, அவர்கள் பெயர்களும் மறைந்தன. வக்ஃபாக எழுதி வைத்தவை மட்டும் தப்பின. 1968இல் அமைந்த முயிஸ் என்னும் இஸ்லாமிய சமய மன்றத்தின் பொறுப்பில் இன்று அவை உள்ளன.

இது நமக்கும் தொலைவான செய்தியன்று. நாகப்பட்டினத்தில் எஸ்.எஸ். ரஜூலா ஏறி, கூடத்துத் தளத்தில் பாய்விரித்துப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சென்றவர்களை நேரில் கண்டவர்கள் நம் வட்டாரத்தில் இன்னும் இருக்கிறார்கள். 1926 முதல் ஓடிய அக்கப்பல் 1973இல் நின்றது. அதன்பின் வந்த எம்.வி. சிதம்பரம் 1985இல் தீப்பிடித்ததோடு கப்பல் பயணமே முடிந்தது. அக்கப்பல்களில் சென்றவர்களின் பழைய பாஸ்போர்ட்டுகள், நீல நிறக் கடிதத் தாள்கள், மணியார்டர் துண்டுகள் பரண்களிலும் டிரங்குப் பெட்டிகளிலும் கரையானுக்கு இரையாகிக்கொண்டிருக்கின்றன. பள்ளிவாசலின் நிக்காஹ் பதிவேட்டையும் கபரஸ்தான் பதிவேட்டையும் நாம் பேணுவதுபோல், சபுர் சென்றோரின் பெயர், தந்தை பெயர், சென்ற ஆண்டு, செய்த தொழில் ஆகியவற்றுக்கும் ஒரு பதிவேடு திறந்தால் என்ன என்று நிர்வாகக் கமிட்டியின் பரிசீலனைக்கு முன்வைக்கிறோம். ஒரு குயர் நோட்டுக்கு மேல் செலவு ஆகாது.

நாம் ஜாமிஆ பள்ளியில் நுழைந்தபோது அஸர் நேரம். அங்கே ஜும்ஆ உரை தமிழில் நிகழ்வது வழக்கம். பக்கத்துக் கட்டுமானப் பணியிலிருந்து தலைக்கவசத்தைக் கையில் பிடித்தபடி இளைஞர்கள் சிலர் வந்து ஒளூச் செய்துகொண்டிருந்தார்கள். அவர்கள் பேச்சில் திருச்சிப் பக்கத்து வாடை இருந்தது. உள்ளே சென்றபோது ஒன்றைக் கவனித்தோம். வாயிலும் முகப்பும் சாலையின் வரிசைக்கு ஒத்து நிற்கின்றன. தொழுகைக் கூடமோ சாலைக்குக் கோணலாக, கிப்லாவை நோக்கித் திரும்பியிருக்கிறது. நகரமைப்புத் திட்டத்தின் நேர்கோட்டுச் சாலையில் நிலம் பெற்றவர்கள் வாயிலைச் சாலைக்கு வைத்தார்கள். ஸஃபுகளை மக்காவின் பக்கம் போட்டார்கள். அக்கோணத்தை முதலில் கணித்துக் கயிறு பிடித்தவரின் பெயரும் எங்கும் எழுதப்படவில்லை. அவர் கணித்த திசையில் நின்று நாமும் அஸர் தொழுதோம்.